மனநல மாத்திரை சாப்பிடும் பிள்ளையை வளர்ப்பது: மார்த்தாண்டம் பக்கத்துத் தாய் ஒருவருக்கு விரிவான பதில்

மார்த்தாண்டத்திற்கு அருகிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. நான்காம் வகுப்பில் படிக்கும் ஒன்பது வயது மகனுக்கு ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறு இருப்பதாகவும், எதிர்த்துப் பேசுவது, பொருட்களை எறிவது, தங்கையை அடிப்பது ஆகியவை அதோடு சேர்ந்து வந்திருப்பதாகவும் திருவனந்தபுரத்தில் பார்த்த குழந்தை மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். கவனம் நிற்பதற்காகக் காலையில் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையும், கோபத்தையும் அடிதடியையும் தணிக்க இரவில் சிறிய அளவில் ரிஸ்பெரிடோன் மாத்திரையும் எழுதிக் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. பள்ளியிலிருந்து வரும் புகார் குறைந்திருக்கிறது. வீட்டில் மாலை நேரச் சண்டை குறையவில்லை. மதியச் சோறு அப்படியே திரும்பி வருகிறது. 'இது பிராந்து (பைத்திய) மாத்திரை, பிள்ளையின் மூளையைக் கெடுத்துவிடும்' என்று மாமியார் சொல்வதால் சனி, ஞாயிறுகளில் இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திவிடுகிறீர்கள். வளைகுடாவில் இருக்கும் கணவர், இரண்டு அடி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். மருந்தை நிறுத்திவிடலாமா, இல்லையென்றால் இந்தப் பிள்ளையை எப்படி வளர்ப்பது, பள்ளியில் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழக-கேரள எல்லையின் இரு பக்கத்துக் குடும்பங்களோடும் நீண்ட காலமாக வேலை செய்யும் குழந்தை உளவியலாளன் என்ற முறையில் எழுதுகிறேன். மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு அதிகாரம் இல்லை. அது உங்கள் மருத்துவரின் வேலை. ஆனால் மருந்து சாப்பிடும் பிள்ளையின் வீட்டில் அன்றாடம் என்ன நடக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில் சனி, ஞாயிறு விஷயம். இரண்டு மாத்திரைகளும் ஒரே தன்மையுடையவை என்று நினைத்து ஒன்றாக நிறுத்துகிறீர்கள். அவை அப்படிப்பட்டவை அல்ல. மெத்தில்ஃபெனிடேட் உள்ளே போன அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் வேலையைத் தொடங்கி, சாதாரண வகையானால் சுமார் நான்கு மணி நேரத்திலும், மெதுவாகக் கரையும் வகையானால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்திலும் முடிந்துவிடும். பசியும் எடையும் குறையும் பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் இதை நிறுத்திவைக்கும்படி மருத்துவர்களே சில சமயம் சொல்வதுண்டு. ரிஸ்பெரிடோன் அவ்வாறு நாள்கணக்கில் விட்டுவிட்டுக் கொடுக்கும் மருந்து அல்ல. அதைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடலாம், குமட்டல் வரலாம், எரிச்சல் முன்பைவிட அதிகமாகலாம். ஞாயிறு மாலை அவன் வீட்டை இரண்டாக்கும்போது, நோயின் குணம் அப்படியா, மருந்து விட்டுப்போனதால் வந்த கோளாறா என்று உங்களாலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் சொல்ல முடியாது. வாரத்தில் இரண்டு நாள் மருந்து இல்லாத பிள்ளையைப் பற்றி, தினமும் சாப்பிடுகிறான் என்ற எண்ணத்தில் அவர் அளவைக் கூட்டிவிடவும் கூடும். ஆகவே அடுத்த முறை பார்க்கும் வரை காத்திராமல், வார இறுதியில் நிறுத்திவந்ததை மறைக்காமல் தொலைபேசியில் அவரிடம் சொல்லுங்கள். எப்படித் தொடர வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். காலை மாத்திரை ஒருநாள் மறந்துவிட்டால் அதை மாலையில் கொடுக்கக் கூடாது. இரவுத் தூக்கம் போய்விடும். இரவு மாத்திரை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கவும் கூடாது.

மாமியாரின் பயத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். பேரன்மீது உள்ள அன்பினால் வரும் பயம் அது. குமரி மாவட்டத்தில், திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனை இருக்கும் ஊளம்பாறை என்ற பெயரைக் கேட்டாலே குரலைத் தாழ்த்திக்கொள்ளும் தலைமுறை அவருடையது. ஆனால் மெத்தில்ஃபெனிடேட் வகை மருந்து நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் 1937-இல், நடத்தைப் பிரச்சினைகளுக்காக மருத்துவமனையில் இருந்த 30 பிள்ளைகளுக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்தொன்றைக் கொடுத்து, ஏறத்தாழ பாதிப் பேர் படிப்பில் வியக்கும்படி நிதானமடைந்ததைப் பதிவு செய்தார். அன்றிலிருந்து இன்றுவரை குழந்தை மனநலத்தில் இவ்வளவு நுணுக்கமாக ஆராயப்பட்ட மருந்துகள் மிகக் குறைவு. மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கும்போது மூளை கெடுவதில்லை. பின்னாளில் போதைப் பழக்கத்துக்கு இது வழிவிடுவதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. உண்மையான பக்கவிளைவுகள் வேறு. கவனம் அவற்றின்மேல்தான் இருக்க வேண்டும். மெத்தில்ஃபெனிடேட்டினால் பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்றுக் கூடும், நெடுங்காலம் எடுக்கும் சில பிள்ளைகளுக்கு உயரம் ஓரளவு குறையலாம். ரிஸ்பெரிடோன் இதற்கு நேர்மாறாகப் பசியைக் கூட்டி எடையை ஏற்றும், பகலில் மந்தமாக்கும், சில ஆண் பிள்ளைகளுக்கு மார்பு வீங்குவதும் உண்டு. பிள்ளை அதை வெட்கப்பட்டு மறைப்பான் என்பதால் குளிப்பாட்டும்போது நீங்களே பார்க்க வேண்டும்.

1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் பெற்றோர்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு. ஏழு முதல் ஒன்பது வயது வரையான 579 ஏடிஎச்டி பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்துப் பதினான்கு மாதம் சிகிச்சை தந்து பார்த்தார்கள். மாதந்தோறும் வரச் சொல்லி, பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விசாரித்து, அளவைத் திருத்தித் திருத்தி மருந்து கொடுத்த குழு ஒன்று. வெளியில் வழக்கமான சிகிச்சைக்கு விடப்பட்ட குழு இன்னொன்று. இந்த இரண்டாவது குழுவிலும் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் இதே வகை மருந்தைத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் மருத்துவரைப் பார்த்தது ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே. பலன் வெகுவாகக் குறைவாக இருந்தது. மருந்தோடு பெற்றோர் பயிற்சியும் பள்ளி உதவியும் சேர்ந்த மற்றொரு குழுவில், குறைந்த அளவு மருந்திலேயே பிள்ளைகள் முன்னேறினார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவும் மேம்பட்டது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது என்னவென்றால், மருந்தின் பலனில் பாதி அதைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கையில் இருக்கிறது. மாத்திரை பிள்ளைக்குச் சில மணி நேர நிதானத்தைத் தரும். கேட்டு நடக்கவும், காத்திருக்கவும், கோபம் வந்தால் கையை அடக்கவும் அந்த மணி நேரங்களுக்குள் நாம்தான் பழக்க வேண்டும். இதை எந்த மாத்திரையும் செய்யாது.

பார்த்துக்கொண்டிருப்பது என்றால் என்ன என்பதற்குச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஏழரை மணிக்கு மாத்திரை கொடுத்து அனுப்புகிறீர்கள். அவன் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் சாப்பிட்டுக்கொள்வான் என்று விட்டுவிடுகிறீர்கள். தட்டு முன்னால் வரும்போது மருந்து பசியை அடைத்திருக்கும். மதியமும் அதே கதை. மாத்திரைக்கு முன்பே வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட வையுங்கள்: புட்டும் பயறும், ஒரு முட்டை, இரண்டு மட்டிப் பழம் என்று கொஞ்சத்தில் சத்து அதிகமுள்ளதாக இருக்கட்டும். மதியச் சோற்றுக்காகச் சண்டை போட வேண்டாம். அந்த வேளைக்குக் கொஞ்சமாகக் கொடுத்தனுப்பிவிட்டு, பள்ளி விட்டு வந்ததும் நாலரை மணிக்கு இன்னொரு முழுச் சாப்பாடு கொடுங்கள். அப்போது அவன் வெறியோடு சாப்பிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பேராசையோ கெட்ட பழக்கமோ இல்லை. அடைபட்டிருந்த பசி திறக்கும் நேரம் அது. பொரித்த நேந்திரங்காய் வற்றலும் பேக்கரிப் பலகாரமும் அந்த நேரத்தில் கையில் கிடைத்தால், ரிஸ்பெரிடோன் ஏற்றும் எடையோடு அவையும் சேர்ந்துகொள்ளும். மீனும் மரச்சீனியும், அல்லது கஞ்சியும் பயறும் போதும்.

மாலைச் சண்டைக்கும் இதே நேரக்கணக்குதான் காரணம் என்று நினைக்கிறேன். மருந்தின் வேலை முடிந்து இறங்கும் வேளையில் சில பிள்ளைகளுக்கு எரிச்சலும் அழுகையும் படபடப்பும் சற்று நேரம் கூடுதலாக இருக்கும். நாள் முழுவதும் வகுப்பில் அடங்கியிருந்த களைப்பு வேறு. சரியாக அந்த ஐந்து மணிக்குத்தான் உங்கள் வீட்டில் வீட்டுப்பாட நோட்டு திறக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் பாடமும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம், 'இன்று மிஸ் என்ன சொன்னார்கள்' என்ற கேள்வியும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு ஓடியாடட்டும், சைக்கிள் ஓட்டட்டும், தோட்டத்தில் தண்ணீர் விடட்டும். குளித்த பிறகு, ஆறரை மணிக்குமேல், பதினைந்து நிமிடம் பாடம், ஐந்து நிமிடம் ஓய்வு, மீண்டும் பதினைந்து நிமிடம் என்று வைத்துப் பாருங்கள். இப்படி இரண்டு வாரம் செய்தும் மாலை நேரம் மாறவில்லை என்றால், எந்த மணிக்குச் சண்டை தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் வகையையோ நேரத்தையோ மாற்றுவதற்கு அந்தக் குறிப்பு அவருக்கு மிகவும் உதவும்.

இனி வளர்ப்பு. இதில்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் இப்படிப்பட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, நடப்பதை வரிசையாகக் குறித்தெடுக்கச் செய்தார். பெரும்பாலான வீடுகளில் ஒரே சுழற்சி தென்பட்டது. உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது என்பது உங்கள் விவரிப்பிலேயே தெரிகிறது. அவன் கைபேசி கேட்கிறான்; நீங்கள் இல்லை என்கிறீர்கள்; அவன் கத்துகிறான்; நீங்கள் மேலும் சத்தமாக இல்லை என்கிறீர்கள்; அவன் தட்டைத் தூக்கி எறிகிறான்; மாமியார் 'கொடுத்துத் தொலை, அக்கம்பக்கம் கேட்கும்' என்கிறார்; கைபேசி அவன் கைக்குப் போகிறது; வீடு அமைதியாகிறது. அவன் கற்றுக்கொண்டது, கத்தினால் போதாது, எறிந்தால் கிடைக்கும் என்பது. நீங்கள் கற்றுக்கொண்டது, விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்பது. இருவரும் ஒருவரையொருவர் தினமும் பழக்கிக்கொண்டே இருக்கிறீர்கள். இதில் யாரும் கெட்டவர் இல்லை.

இதை உடைக்க, தினமும் சண்டை வரும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் ஒன்றும் நடக்காது. கைபேசி என்றே வைத்துக்கொள்வோம். எப்போது, எத்தனை நிமிடம், எது முடிந்த பிறகு என்பதை அவன் அமைதியாக இருக்கும் ஒரு காலை வேளையில் மாமியாரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். அன்று மாலை அவன் கேட்கும்போது ஒருமுறை பதில் சொல்லுங்கள்: 'ஏழரைக்குக் கிடைக்கும்.' அதற்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு உங்கள் வாய் திறக்கக் கூடாது. விளக்கமும் கெஞ்சலும் மிரட்டலும் அவனுக்குத் தீனிதான். இங்கே ஓர் எச்சரிக்கை: முதல் சில நாட்களில், சில வீடுகளில் இரண்டு வாரம் வரை, அவன் முன்பைவிட மோசமாக நடப்பான். இதுவரை பலித்த வழி பலிக்காததால் இன்னும் கடினமாக முயன்று பார்க்கிறான். பலர் இந்த இடத்தில்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். ஐந்தாம் நாள் தாங்க முடியாமல் கொடுத்துவிட்டால், ஐந்து நாள் விடாமல் கத்தினால் கிடைக்கும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது போலாகும். ஆகவே உடலிலும் மனதிலும் தெம்பு இருக்கும் வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். திருவிழா வாரத்திலோ விருந்தாளிகள் இருக்கும்போதோ வேண்டாம்.

அடிக்கும்போதும் எறியும்போதும் செய்ய வேண்டியது வேறு. அப்போது அறிவுரைக்கு இடமே இல்லை. தங்கையை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள். அரிவாள்மனை, கத்தி, வெந்நீர் ஆகியவை அவன் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். நீங்கள் ஒரு கை எட்டாத தூரத்தில், பக்கவாட்டில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, நாலு சொல்லுக்குமேல் பேசாமல் இருங்கள். அடங்கிய பிறகு அவனே எறிந்ததைப் பொறுக்கி வைக்க வேண்டும்; தங்கைக்கு ஏதேனும் ஓர் உதவி செய்து ஈடுகட்ட வேண்டும். அதோடு முடிந்துவிட வேண்டும்; இரவு வரை அதையே சொல்லிக் காட்டக் கூடாது.

கட்டளையிடும் விதத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். அடுக்களையிலிருந்து 'பையை எடுத்து வை, சீருடையை மாற்று, கைகால் கழுவிவிட்டு வந்து சாப்பிடு' என்று ஒரே மூச்சில் சொல்வது இந்தப் பிள்ளையின் காதில் முதல் சொல்லோடு நின்றுவிடும். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, பெயரைச் சொல்லி, அவன் உங்களைப் பார்த்த பிறகு ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். செய்ததும் அந்த நிமிடமே, என்ன செய்தான் என்பதைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்: 'ஒருதரம் சொன்னதும் பையைக் கொண்டுபோய் வைத்தாயே, நல்லது மக்கா.' நல்ல பிள்ளை என்று பொதுவாகச் சொல்வதில் அவனுக்குப் பிடி கிடைப்பதில்லை. எதுவும் நன்றாகச் செய்வதில்லை, எதைப் பாராட்டுவது என்று கேட்பீர்கள். ஒருநாள் காலை எழுந்ததிலிருந்து கவனித்துப் பாருங்கள். சண்டையில்லாமல் கழியும் நிமிடங்கள்தான் அதிகம். அவன் அமைதியாக இருக்கும்போது அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதால் அவை கண்ணில் படாமல் போகின்றன. தினமும் பத்து நிமிடம், அவன் விரும்பும் விளையாட்டில், திருத்தாமல், கேள்வி கேட்காமல் அவனோடு உட்காருங்கள். சண்டை போட்ட நாளிலும் இந்தப் பத்து நிமிடத்தைப் பறிக்காதீர்கள்.

உங்கள் கணவருக்கும் இதில் வேலை இருக்கிறது. அடி ஏன் உதவாது என்றால், அந்த நேரத்துக்கு நின்றாலும் கோபம் வந்தால் கையை ஓங்கலாம் என்பதையே அது சொல்லித் தருகிறது. தங்கைமேல் விழும் அடி அங்கிருந்து வருவதாகவும் இருக்கலாம். இப்போது ஒவ்வோர் இரவும் வீடியோ அழைப்பு வந்ததும் அன்றைய குற்றங்களை நீங்கள் படிக்க, அவர் திரையிலிருந்து அதட்டுகிறார். அப்பாவின் முகம் என்றாலே தண்டனை என்றாகிவிட்டது. இனி அந்த அழைப்பில் அன்று அவன் சரியாகச் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்லுங்கள், அவர் அதைப் பற்றி மட்டும் பேசட்டும். பிரச்சினைகளைப் பிள்ளை தூங்கிய பிறகு நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளலாம். கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு அவர் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரியது எனக்குத் தோன்றவில்லை.

மாமியாரிடம் வாதம் செய்வதைவிட அவருக்குப் பொறுப்பைக் கொடுப்பது நல்லது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒருமுறை அவரையும் கூட்டிச் செல்லுங்கள். மருத்துவர் மலையாளத்தில் பேசினால் அவர் தலைமுறைக்கு அது உங்களைவிட எளிதாகவே புரியும். நாலரை மணிச் சாப்பாடு அவர் பொறுப்பில் இருக்கட்டும். மாத்திரைகளைப் பூட்டி வைக்கும் சாவி மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும். பிள்ளை கையில் மாத்திரை அட்டையைக் கொடுக்கவே கூடாது. ஜெபத்துக்கோ கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ கூட்டிப்போக அவர் விரும்பினால் தடுக்க வேண்டாம். மனத்துக்கு ஆறுதல் தேவைதான். மருந்தை நிறுத்தினால்தான் பலிக்கும் என்று சொல்லும் இடத்திலும், பிள்ளையைக் கட்டிவைக்கும் இடத்திலும் ஒரு நொடிகூட நிற்காதீர்கள். 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை ஒட்டிய காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்பிக்க வழியின்றித் தீயில் கருகியது நம் மாநிலத்தில்தான் நடந்தது.

எல்லையோரத்தில் வசிப்பதால் வரும் சில சிக்கல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருவனந்தபுரத்து மருத்துவருக்கு இவை தோன்றாமல் போகலாம். மெத்தில்ஃபெனிடேட் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழும், மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் வருகிறது. அதற்கென்று தனி உரிமம் உள்ள கடைதான் விற்க முடியும். மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்துக்கொள்வார். களியக்காவிளையிலோ குழித்துறையிலோ சாதாரண மருந்துக் கடையில் இல்லை என்று கையை விரிப்பதற்குக் காரணம் இதுதான். ஆபத்தான மருந்து என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே இரண்டு பிரதிச் சீட்டு கேட்டு வாங்குங்கள். கடைசி மாத்திரைக்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கிவிடுங்கள். அந்தப் பக்கம் ஹர்த்தால் என்றாலோ இந்தப் பக்கம் மழையால் போக்குவரத்து நின்றாலோ பிள்ளையின் மருந்து நடுவில் அறுந்துபோகக் கூடாது. காய்ச்சல், சளி, வாந்திக்கு உள்ளூரில் யாரிடம் காட்டினாலும், வைத்தியரிடம் லேகியம் வாங்கினாலும், இந்த இரண்டு மாத்திரைகளின் பெயரையும் சொல்லிவிட வேண்டும். மூக்கடைப்புக்கான சில சிரப்புகளும் வாந்தி நிறுத்தும் சில மருந்துகளும் இவற்றோடு ஒத்துப்போவதில்லை.

மொழியும் முக்கியம். மகன் தமிழ்வழியில் படிக்கிறான். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளில் கணிசமானோருக்கு வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கும். நோட்டைக் கண்டதும் அவன் கொதிப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அந்தச் சோதனையை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் செய்தால் முடிவு பிழையாகும். அவன் படிக்கும் மொழியிலேயே சோதிக்கச் சொல்லுங்கள்; வேண்டுமானால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஎச்டி தனியாக இல்லை. கற்றல் குறைபாடு இருக்கிறது. பிற்காலத்தில் தேர்வுகளில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அந்தச் சான்று தேவைப்படும்.

பள்ளியில் வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் மட்டும் சொல்லுங்கள்; மற்ற ஆசிரியர்களுக்கும் வேன் ஓட்டுநருக்கும் பக்கத்து வீட்டுப் பெற்றோருக்கும் தெரிய வேண்டியதில்லை. நோயின் பெயரைவிட அவர்கள் என்ன செய்யலாம் என்பதைச் சொல்வது பயன் தரும்: முன் வரிசையில், சன்னலை விட்டுத் தள்ளி உட்கார வைப்பது, கரும்பலகை அழிப்பது போன்ற எழுந்து நடக்கும் வேலை கொடுப்பது, திட்ட வேண்டியிருந்தால் தனியே கூப்பிட்டுச் சொல்வது. பள்ளியில் உடல் தண்டனையை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆசிரியரும் சரி, வீட்டில் இருப்பவர்களும் சரி, அவன் சேட்டை செய்யும்போது 'இன்னிக்கு மாத்திரை போட்டியா?' என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. நான் பார்த்த பதின்பருவத்துப் பிள்ளைகளில் பலர் மருந்தை வெறுத்து ஒளித்து வைக்கத் தொடங்கியது இந்த ஒரு கேள்வியால்தான். நன்றாக நடந்தால் மாத்திரைக்குப் பெருமை, கெட்டதாக நடந்தால் தனக்குப் பழி என்று பிள்ளைக்கு ஆகிவிடுகிறது. அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: இது நிதானமாக யோசிக்க உதவும் மருந்து, கையை அடக்கியது நீதான்.

கீழ்க்கண்டவற்றைக் கண்டால் மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொள்வது, நாக்கு தள்ளுவது, கண் மேலே சொருகுவது ரிஸ்பெரிடோனால் வரக்கூடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஓர் ஊசியில் பெரும்பாலும் சரியாகிவிடும். கடும் காய்ச்சலோடு உடல் விறைத்து நினைவு தடுமாறினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. ஓடும்போது மயங்கி விழுவது, நெஞ்சுவலி, இல்லாததைப் பார்ப்பதாகச் சொல்வது, சாக வேண்டும் என்று பேசுவது ஆகியவற்றையும் சிறு பிள்ளைப் பேச்சு என்று விடக் கூடாது. உங்கள் குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இதயம் நின்று இறந்திருந்தால் அதை மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. கணவர் வெளிநாட்டில், பள்ளியிலிருந்து புகார், மாமியாரிடம் பேச்சு, இரவில் தூங்காத பிள்ளை என்று ஆறு மாதம் தனியாகத் தாங்கியிருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு மாலையாவது யாரிடமேனும் இவனை ஒப்படைத்துவிட்டு வெளியே போய் வாருங்கள். தூக்கமும் சாப்பாடும் உங்களுக்கும் கெட்டிருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மருந்தை என்றைக்கு நிறுத்துவது என்ற கேள்விக்கு இப்போதைக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: ரிஸ்பெரிடோன் இன்னும் தேவையா என்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மெத்தில்ஃபெனிடேட் தேவையா என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவதும் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். நிறுத்துவதானால் படிப்படியாகக் குறைத்து, பள்ளித் தேர்வு இல்லாத காலத்தில், அவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். உங்களுக்கு அந்த ஆறு மாதம் இப்போது வந்திருக்கிறது. அடுத்த முறை போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு வாரக் குறிப்பைக் கொண்டு செல்லுங்கள்: மாத்திரை கொடுத்த மணி, சாப்பிட்டது, தூங்கிய மணி, சண்டை தொடங்கிய மணி, அதற்கு முன் நடந்தது. உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் இந்த ஆறு மாதத்தில் சோதிக்கவில்லை என்றால் கேட்டுப் பெறுங்கள். வார இறுதியில் பசிக்காகக் காலை மாத்திரையை மட்டும் விடலாமா என்ற கேள்வியையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காத்திருந்து களைத்து உள்ளே போகும்போது அதுதான் முதலில் மறந்துபோகும்.